செல்போர்ன் கில்பர்ட் ஒயிட்

பெரியோர் சரித்திரம் எழுதப் புகுவோர் போர்க்களத்தையேனும், அரசவையையேனும், நெடிய கடற்பயணத்தையேனும் முன்னிட்டுத் தொடங்குவது பெரும்பான்மை வழக்கம். யாம் ஈண்டுக் கூற எடுத்துக்கொண்டவர் வாழ்விலோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர் படை நடத்தியவரல்லர், சட்டம் வகுத்தவரல்லர், திருச்சபையில் உயர்பதவி வகித்தவருமல்லர். தாம் பிறந்த சிற்றூரிலே வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்து, அவ்வூரைப் பற்றியே ஒரு நூல் எழுதிவைத்து, அவ்வூர்த் தேவாலயத்தின் பக்கத்திலேயே அடக்கமாயினர். ஆயினும் இறந்து இருநூறு ஆண்டுகட்கு மேலாகியும், அவர் பெயரும் அவர் ஊர்ப் பெயரும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் உலகோர் நாவில் வழங்கி வருகின்றன. அவர்தாம் கில்பர்ட் ஒயிட் என்னும் குருவானவர். அவர்தம் ஊர் செல்போர்ன்.

செல்போர்ன், இங்கிலாந்தின் தென்பகுதியாகிய ஹாம்ப்ஷயரின் கிழக்கு ஓரத்திலே, இலண்டன் மாநகருக்குத் தென்மேற்கில் ஏறக்குறைய 50 மைல் தொலைவில் உள்ளது. ஆல்டன், பீட்டர்ஸ்பீல்டு என்னும் இரண்டு சந்தை ஊர்களுக்கு நடுவே, ஒரே நீண்ட தெருவாக அஃது அமைந்துள்ளது. தெருவின் தென்மேற்கே சுண்ணக்கல் குன்றொன்று ஊரைக் காட்டிலும் 300 அடி உயர்ந்து நிற்கின்றது. அக்குன்றின் சரிவை மூடி நிற்கும் பீச் மரக் காட்டை ஊரார் ஹாங்கர் என்பர். ஊரின் ஒரு பக்கத்தில் வெண்மையான சுண்ண நிலமும், நடுவே களிமண்ணும், கிழக்கே உல்மர் வனத்தை அடுத்து வெறும் மணலும் புதரும் காணப்படும். சேகரத்தில் எழும் நீரோடைகளில் ஒன்று வே நதியோடு கலந்து தேம்ஸ் வழியாக வட கடலையும், மற்றொன்று ஆரன் நதியோடு கலந்து தென்பாலுள்ள கால்வாய்க் கடலையும் சேர்கின்றன. ஒரு சிற்றூரின் எல்லைக்குள் இத்துணை வேறுபட்ட நிலங்கள் அமைந்தமையால் மரஞ்செடிகளும் புள்ளினங்களும் பலவகையாய் அங்கே பெருகின.

அவ்வூரின் பழைய நிகழ்ச்சிகளும் அறியத்தக்கன. தேவாலயத்தை அடுத்துள்ள பிளெஸ்டர் என்னும் திடலிலே ஒரு பெரிய ஓக் மரம் நின்றது. அதன் கிளைகள் நாற்புறமும் பரந்திருந்தன. அடியைச் சுற்றிக் கற்படிகளும் இருக்கைகளும் அமைந்திருந்தன. கோடை மாலைகளில் முதியோர் அங்கிருந்து உரையாடுவர், இளையோர் ஆடிப்பாடுவர். 1703-ஆம் ஆண்டிலே வீசிய பெரும்புயலில் அம்மரம் வேரோடு சாய்ந்தது. ஊரார் பெரிதும் வருந்தினர். அப்போதிருந்த குருவானவர் தம் பொருளைச் செலவிட்டு அதனை நிமிர்த்தி நட்டார். சிறிது காலம் துளிர்த்துப் பின்னர் அது பட்டுப்போயிற்று.

அதனினும் பழையதொரு செய்தி உண்டு. 1233-ஆம் ஆண்டில் வின்செஸ்டர் அத்தியட்சர் பீட்டர் டி ரோச்சஸ் என்பார் செல்போர்னில் அகுஸ்தீன் சபைத் துறவியர்க்கு ஒரு மடம் நிறுவினார். நாளடைவில் மடத்தின் ஒழுக்கம் தளர்ந்தது. 1387-ஆம் ஆண்டிலே வைக்காம் வில்லியம் என்னும் அத்தியட்சர் அங்குள்ள துறவியரைப் பல குற்றங்கட்காகக் கடிந்து திருத்த வேண்டியதாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அம்மடம் கலைக்கப்பட்டு, அதன் சொத்துக்கள் ஆக்ஸ்போர்டிலே புதிதாக எழுந்திருந்த மக்டலன் கலாசாலைக்குச் சேர்ந்தன. செல்போர்ன் சேகரத்திற்குக் குருவானவரை நியமிக்கும் உரிமையும் அக்கலாசாலைக்கே உரியதாயிற்று. மடத்தின் கற்களை ஊரார் எடுத்துத் தத்தம் வீடுகட்கும் சுவர்கட்கும் பயன்படுத்திக்கொண்டனர். இப்பழஞ்செய்தி யாம் கூறவந்த சரித்திரத்திற்குப் புறம்பானதென்று வாசகர் எண்ணற்க. முந்நூறு ஆண்டுகட்கு முன் நிகழ்ந்த இம்மாற்றமே கில்பர்ட் ஒயிட் தம் சொந்த ஊருக்குத் தலைமைக் குருவானவராக ஒருநாளும் ஆகமுடியாதபடி செய்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

கில்பர்ட் ஒயிட் 1720-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18-ஆம் நாள் செல்போர்ன் குருவானவர் இல்லத்திலே பிறந்தார். அவருடைய பாட்டனார் அவ்வூர்க் குருவானவராயிருந்தவர். பேரனுக்கும் அவர் பெயரே இடப்பட்டது. தந்தையார் ஜான் ஒயிட் சட்டம் பயின்றவர். உடன் பிறந்தார் பலருள் கில்பர்ட்டே மூத்தவர். 1728-ஆம் ஆண்டில் பாட்டனார் காலஞ்சென்றபின் குடும்பத்தார் ஊர்த்தெருவிலேயே உள்ள வேக்ஸ் என்னும் வீட்டிற் குடியேறினர். பின்னாளில் அவருடைய நூல் பிறந்ததும் அவர் உயிர் பிரிந்ததும் அவ்வீட்டிலேயாம்.

பேசிங்ஸ்டோக் நகரிலே தாமஸ் வார்ட்டன் என்னும் குருவானவரிடத்துக் கல்வி பயின்று, பின்பு ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் ஓரியல் கலாசாலையிற் சேர்ந்தார். 1743-இல் இளங்கலைப் பட்டம் பெற்றபோது, கவிஞர் அலெக்சாந்தர் போப் தாம் மொழிபெயர்த்த ஹோமரின் இலியாதைப் பரிசாக அவருக்கு அளித்தார். மறு ஆண்டிலே அவர் ஓரியல் கலாசாலையின் பெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவிக்கு உரியதொரு வருவாய் உண்டு. ஆனால் மணம் புரிந்தால் அதனைத் துறக்கவேண்டும். ஒயிட் இறுதிவரையில் மணம் செய்துகொள்ளாமலே அப்பதவியை வைத்திருந்தார். 1747-இல் உதவிக்குருப் பட்டமும் 1749-இல் குருப்பட்டமும் பெற்றார். 1752-இல் சர்வகலாசாலையின் ஒழுங்கைக் காக்கும் பிராக்டர்களுள் ஒருவராயும் அமர்ந்தார்.

இவ்வளவும் நோக்குங்கால், உயர்ந்த பதவிகள் அவரைத் தேடி வருமென்று நண்பர்கள் நம்பியது இயல்பே. 1757-ஆம் ஆண்டில் ஓரியல் கலாசாலையின் தலைமைப் பதவி காலியாயிற்று. ஒயிட் அதற்குப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். அவ்வாண்டிலேயே நார்த்தாம்ப்டன்ஷயரிலுள்ள மோர்ட்டன் பிங்க்னி என்னும் சிறு சேகரம் அவருக்குக் கிடைத்தது. அங்கே அவர் குடியிருக்கவில்லை. பதிலாளர் ஒருவரை வைத்து ஊழியத்தை நடத்துவித்தார். வேறு சேகரங்களை ஏற்க வாய்ப்பு நேர்ந்தபோதும், செல்போர்னை விட்டு நீங்க வேண்டுமே என்று தயங்கி விலகினார். செல்போர்னுக்கே குருவானவராகலாமெனின், அவ்வுரிமை மக்டலன் கலாசாலைக்கு உரியது. அவரோ ஓரியல் கலாசாலையைச் சேர்ந்தவர். ஆகவே தம் பாட்டனார் அமர்ந்திருந்த ஆசனத்தில் அவர் அமர இயலவில்லை. அண்மையிலுள்ள பாரிங்டன் ஊரிலே இருபது ஆண்டுகட்கு மேல் உதவிக் குருவானவராய் ஊழியம் செய்தார். செல்போர்னிலும் வெவ்வேறு காலங்களில் அவ்வாறே துணைநின்று, 1784 முதல் இறக்கும் வரையில் அங்கே உதவிக் குருவானவராகவே விளங்கினார்.

ஆகவே அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, உயர்வு கிட்டும் இடத்தை நாடி ஊரைவிட்டுச் செல்லுதல். மற்றொன்று, உயர்வை மறந்து ஊரிலேயே இருத்தல். அவர் இரண்டாவதையே மேற்கொண்டார். அதனால் அவர் இழந்தது யாதென்பதை அவர் காலத்தவர் நன்கு கண்டனர். பெற்றது யாதென்பதைக் காண உலகத்திற்கு நெடுங்காலம் வேண்டியதாயிற்று.

ஊரிலிருந்த ஒயிட்டுக்கு முதலிற் பற்றுண்டானது தோட்டத்தின்மீது. 1751-ஆம் ஆண்டிலே தோட்டக் குறிப்பேடு ஒன்று எழுதத் தொடங்கினார். இன்ன நாளில் இன்ன விதை இட்டோம், இன்ன நாளிற் பனி விழுந்தது, முலாம்பழம் இன்ன நாளிற் கனிந்தது என்பன போன்ற எளிய குறிப்புக்களே அதிற் காணப்படும். 1753-இல் அவரும் தம்பி ஜானும் முயன்று, ஹாங்கர் சரிவிலே வளைந்து வளைந்து ஏறும் பாதையொன்றை வெட்டுவித்தனர். அப்பாதையில் இன்றும் மக்கள் ஏறிச் செல்கின்றனர். வண்டிப் பயணம் அவர் உடம்புக்கு ஒவ்வாது. ஆகையால் பெரும்பாலும் குதிரையேறியே சென்றார். குதிரைமேற் செல்பவர் வேலிக்கு அப்பாலும் நோக்கலாமன்றோ? வழியில் எந்தப் பறவை எந்தப் புதரிற் பாடிற்று என்பதை வீடு திரும்பியதும் எழுதிவைப்பார்.

1768-ஆம் ஆண்டு முதல், டெய்ன்ஸ் பாரிங்டன் என்னும் அறிஞர் கட்டங்கள் வகுத்து அச்சிட்டிருந்த நாட்குறிப்புத் தாள்களில், காற்று, மழை, வெப்பநிலை, மலர்ந்த பூ, வந்த பறவை, மறைந்த பறவை ஆகியவற்றை நாள்தோறும் பதிந்து வந்தார். இப்பழக்கத்தை அவர் இறக்கும் மாதம் வரையில் இருபத்தைந்து ஆண்டுகள் விடாது நடத்தினார். விலங்கியல் நூல் எழுதிவந்த தாமஸ் பென்னன்டுக்கு 1767 முதலும், மேற்கூறிய பாரிங்டனுக்கு 1769 முதலும் கடிதங்கள் எழுதினார். பென்னன்டு பல நாடுகளின் உயிரினங்களைத் தொகுத்துக் கூறுபவர். ஒயிட்டோ தம் சேகர எல்லைக்குட்பட்டவற்றையே கூறுவார். ஆயினும் கேட்டுத் தெளியவேண்டிய நிலையிலிருந்தவர் பெரும்பாலும் பென்னன்டே ஆவர்.

ஒயிட் கண்டறிந்தவற்றுட் சிலவற்றை எடுத்துக் காட்டுவோம். கதிர் விளைந்த வயல்களிலே வாழும் மிகச் சிறிய எலியொன்றை அவர் 1767-இல் பென்னன்டுக்கு அறிவித்தார். அவ்வகை எலி இங்கிலாந்தில் உண்டென்பதை நூலோர் அதற்கு முன் அறிந்திலர். இரண்டு எலிகளைத் தராசில் இட்டால் ஓர் அரைப்பென்னிச் செப்புக்காசின் எடைக்கே சரியாயிற்றாம். கோதுமைத் தாள்களைப் பின்னி அது கட்டிய கூடு கிரிக்கெட் பந்து போல் உருண்டையாக இருந்தது. மேசைமீது உருட்டினும் குலையவில்லை. உள்ளே கண் திறவாத குஞ்சுகள் எட்டு இருந்தன. அவ்வாறே, ஒரே இனமென்று எல்லோரும் கருதிய சிறு பச்சைக் குருவிகளை, அவற்றின் குரலைக் கூர்ந்து கேட்டு, மூன்று வேறு இனங்கள் என்று 1768-இற் பிரித்துக் காட்டினார். உருவத்தில் ஏறக்குறைய ஒன்றாயிருப்பவற்றைச் செவியினாற் பிரித்தறிதல் அக்காலத்தில் எவரும் கருதாத முறை.

தகைவிலான் குருவிகளையும் உழவாரன் குருவிகளையும் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் இலண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் 1774, 1775-ஆம் ஆண்டுகளில் இடம்பெற்றன. செல்போர்னில் ஆண்டுதோறும் எட்டு இணை உழவாரன் குருவிகளே காணப்பட்டன; அவற்றுட் பாதி தேவாலயத்திலும், ஏனையவை எளியோர் கூரை வீடுகளிலும் கூடு வைத்தன. எட்டு இணைகளும் ஆண்டுதோறும் குஞ்சு பொரிக்கின்றன; அங்ஙனமாகவும் மறு ஆண்டில் எட்டு இணைகளே திரும்ப வருவானேன், பெருகியவை எங்கே சென்றன என்று அவர் வினவினார். கூரையின்கீழ்ப் பறந்த சில குருவிகளை எண்ணியதால் எழுந்த இவ்வினா, உயிரினங்களின் தொகை எங்ஙனம் ஒரு நிலையில் நிற்கின்றது என ஆராயும் பிற்காலத்து அறிஞர்க்கும் பெருவினாவாயிற்று.

எல்லோரும் இழிவாகக் கருதும் நாங்கூழ்ப் புழுவைப் பற்றி 1777-இல் அவர் எழுதிய கடிதம் குறிப்பிடத்தக்கது. அப்புழு நிலத்தைத் துளைத்து நெகிழச் செய்து, மழைநீரும் வேரும் உட்செல்ல வழிசெய்து, இலைகளை மண்ணுக்குள் இழுத்து, தன் எச்சத்தால் வயலுக்கு உரமும் ஊட்டுகின்றது. அஃது இல்லையாயின் நிலம் இறுகிக் குளிர்ந்து பயனற்றுப்போம் என்பது அவர் துணிபு. நூறாண்டு கழித்து, 1881-இல், சார்லஸ் டார்வின் அப்பொருள் பற்றித் தனி நூலே எழுதினார். டார்வின் தம் இளமையில் ஒயிட்டின் நூலைப் படித்துப் பறவைகளை நோக்கத் தொடங்கியவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி அவர் தவறிய இடத்தையும் மறையாது கூறுவோம். குளிர்காலத்தில் தகைவிலான்கள் எங்கே செல்கின்றன என்பது அக்காலத்துப் பெரிய ஐயம். அவை கடல் கடந்து வெப்ப நாடுகட்குச் செல்கின்றன என்றனர் சிலர். பொந்துகளில் ஒடுங்கி உறங்குகின்றன என்றனர் வேறு சிலர். ஒயிட்டின் தம்பி ஜான், ஜிப்ரால்டரிலே படைக் குருவானவராயிருந்தபோது, பறவைகள் கூட்டங்கூட்டமாக அக்கடலிடுக்கைக் கடந்து செல்வதைத் தம் கண்ணாற் கண்டு எழுதினார். ஒயிட் அதனை ஏற்றுக்கொண்டார். ஆயினும் சில பறவைகளேனும் தம் ஊரிலேயே ஒளிந்து தங்குகின்றன என்னும் எண்ணத்தை அவரால் விடமுடியவில்லை. 1781-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆட்களை அமர்த்தி, ஹாங்கர் சரிவின் புதர்களையும் பொந்துகளையும் தேடுவித்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஆட்கள் தேடிக்கொண்டிருந்த அந்நேரத்திலேயே, அவ்வாண்டின் முதற் குருவி தெருவின்மேற் பறந்துவந்து தன் பழைய கூட்டிற் புகுந்தது. அதனைக் கண்டும் அவர் ஐயம் முற்றும் நீங்கவில்லை. தாம் அன்பு வைத்த உயிர்கள் தம்மைவிட்டு நெடுந்தொலைவு செல்வதை மனம் ஏற்க மறுத்ததோ என்று யாம் எண்ணுவதுண்டு. எனினும், தேடியும் காணாததைக் கண்டதாக அவர் ஓரிடத்தும் எழுதவில்லை. கொண்ட கொள்கைக்கு மாறான செய்தியையும் அவ்வாறே பதிந்துவைத்தார். உண்மையை நாடுவோர்க்கு இதனினும் வேண்டிய குணம் யாது?

அவருடைய ஆமையைப் பற்றிக் கூறாதொழிந்தால் வாசகர் எம்மை மன்னியார். சஸெக்ஸிலுள்ள ரிங்மர் ஊரில் அவர் அத்தையார் ஸ்னூக் அம்மையார் ஓர் ஆமையை நெடுங்காலம் வளர்த்தார். அம்மையார் 1780-இல் இறந்தபின், ஒயிட் அதனை அதன் குளிர்கால மண்படுக்கையிலிருந்து தோண்டியெடுத்து, பெட்டியில் வைத்து, 80 மைல் வண்டியிற் கொணர்ந்து தம் தோட்டத்தில் விட்டார். அதற்குத் திமோத்தி என்று பெயர். அது மண்ணுக்குள் புகும் நாளையும் வெளிவரும் நாளையும், மழைக்கு அஞ்சி ஒதுங்குவதையும் அவர் ஆண்டுதோறும் குறித்துவந்தார். அவர் இறந்தபின்னும் சிறிதுகாலம் அஃது உயிரோடிருந்தது. அதன் ஓடு இலண்டன் இயற்கைப்பொருட் காட்சிசாலையில் உள்ளது. அதனை ஆராய்ந்தோர் திமோத்தி ஆணன்று, பெண்ணே என்று தெளிந்தனர்.

பறவையும் விலங்குமே அவர் கருத்தைக் கவர்ந்தன என்று நினைத்தல் கூடாது. 1783-ஆம் ஆண்டிலே தம் சேகரத்து மக்களை எண்ணி, தெருவில் 313 பேரும், ஊருக்குப் புறம்பே 363 பேரும், ஆக 676 பேர் உள்ளனர் என்று குறித்தார். 1720 முதல் 1779 வரையில் அறுபது ஆண்டுகளில் 980 ஞானஸ்நானங்களும் 640 அடக்கங்களும் நிகழ்ந்தன என்று தேவாலயப் பதிவேட்டிலிருந்து கணக்கிட்டார். ஏழைகள் கோரைத் தண்டை உரித்து உலர்த்தி, கொழுப்பில் தோய்த்து விளக்காக எரிப்பதைக் கவனித்தார். உலர்ந்த கோரை ஒரு பவுண்டு எடைக்கு 1,600 தண்டுக்குமேல் நிற்கும் என்று எண்ணிப் பார்த்தார். ஒரு பார்த்திங் காசுக்கு ஐந்தரை மணிநேர வெளிச்சம் ஓர் ஏழைக் குடும்பத்திற்குக் கிடைக்கும் என்று அவர் கண்ட கணக்கு, நுண்ணறிவோடு இரக்கமும் கலந்தது. முன்னே தீண்டவும் அஞ்சிய உருளைக்கிழங்கை இருபது ஆண்டுகளுக்குள் ஊர் ஏழைகள் விரும்பி உண்ணத் தொடங்கியதையும் எழுதிவைத்தார்.

ஓர் அண்டங்காக்கையைப் பற்றி அவர் கூறிய செய்தி படிப்போர் நெஞ்சை உருக்கும். லோசல் என்னும் சிறு காட்டிலே பெரியதோர் ஓக் மரத்தில் ஓர் இணை அண்டங்காக்கை ஆண்டுதோறும் கூடு வைத்தது. நடுமரம் பருத்துப் பிதுங்கியிருந்தமையால் ஊர்ச் சிறுவர் பலமுறை முயன்றும் மேலே ஏற இயலவில்லை. ஹாம்ப்டன் கோர்ட்டுக்கு அருகிலிருந்த பாலத்தைப் பழுதுபார்க்க நெடிய மரங்கள் வேண்டியிருந்தன. அவற்றோடு அம்மரமும் வெட்டப்பட்டது. பறவை அடைகாக்கும் பருவம் அது. கோடரி விழுந்தது, மரம் அசைந்தது, தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழவில்லை. மரம் சாய்ந்தபோது அஃது எறியப்பட்டு, கிளைகளால் அடியுண்டு இறந்து வீழ்ந்தது. ஊராரோடு தாமும் கேட்டறிந்த இச்செய்தியை ஒயிட் சில வரிகளில் எழுதி நிறுத்தினார். நீதியுரை ஒன்றும் சேர்த்தாரில்லை.

1783-ஆம் ஆண்டு கோடையிலே ஊர்முழுதும் புகைபோன்ற மூடுபனி பரவி, ஞாயிறு செந்நிறமாய்த் தோன்றியது. எளிய மக்கள் அஞ்சினர். ஜூன் 23 முதல் ஜூலை 20 வரையில் அது நீடித்தது என்று அவர் பதிந்தார். ஐஸ்லாந்திலே ஜூன் 8-ஆம் நாள் வெடித்த லாக்கி எரிமலைப் பிளவே அதன் காரணம் என்பதைப் பிற்காலத்தார் தெளிந்தனர். அந்நாட்களைப் பற்றி ஆராய்வோர்க்கு அவருடைய குறிப்பு இன்றும் சான்றாக உதவுகின்றது.

அவர்மீது கூறப்படும் குறைகளும் உண்டு. அவர் வாழ்ந்த காலத்தில் அமெரிக்கப் போரும் பிரெஞ்சுப் புரட்சியும் உலகத்தைக் கலக்கின. அவருடைய நூலிலோ அவற்றின் ஒலி கேட்பதில்லை. வீடும் வருவாயும் உடையவராயிருந்தும் கலாசாலைப் பதவியை விடாது வைத்திருந்தார் என்பதும், வாழாத ஊரின் குருமானியத்தைப் பெற்றார் என்பதும் மறுக்கக்கூடாதவை. அவ்வழக்கம் அக்காலத்திற் பொதுவானதே; ஆயினும் பொதுவானதெல்லாம் நேரியதாகாது. ஏழைகளைப் பரிவோடு நோக்கினாரேனும், அவர்கள் வறுமையின் காரணங்களை அவர் ஆராய்ந்தாரில்லை. அவர் மறைந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1830-ஆம் ஆண்டு நவம்பரில், கூலி போதாமையாற் கொதித்தெழுந்த உழவுத் தொழிலாளர் செல்போர்ன் ஏழைவிடுதியைத் தாக்கினர். அவ்வமைதியான தெருவிலே அத்தகைய துன்பமும் உறைந்திருந்தது.

கடிதங்களைத் தொகுத்து நூலாக்குமாறு பாரிங்டனும், இளமை நண்பர் ஜான் மல்சோவும் பலகாலும் வேண்டினர். ஒயிட் தயங்கினார். ஊரின் பழமை வரலாற்றையும் சேர்க்க விரும்பி, மக்டலன் கலாசாலையிலுள்ள மடத்து ஆவணங்களை ஆராயலானார். தமக்குச் சேகரத்தைத் தர இயலாத கலாசாலை, தம் ஊரின் பழைய ஏடுகளை அவருக்குத் தந்தது. சுவிட்சர்லாந்து ஓவியர் கிரிம் என்பாரை 1776-இல் வரவழைத்து ஊர்க் காட்சிகளை வரைவித்தார். இறுதியாக, பென்னன்டுக்கு எழுதிய 44 கடிதங்களும் பாரிங்டனுக்கு எழுதிய 66 கடிதங்களும், மடத்து வரலாறும் அடங்கிய நூல், இலண்டனிற் புத்தக வணிகராயிருந்த தம்பி பெஞ்சமினால் 1789-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அப்போது ஆசிரியர்க்கு வயது அறுபத்தெட்டு.

அதன்பின் நான்காண்டுகளே அவர் வாழ்ந்தார். 1793-ஆம் ஆண்டு ஜூன் மாத நடுவரையிலும் நாட்குறிப்பு எழுதினார். அம்மாதம் 26-ஆம் நாள் வேக்ஸ் வீட்டிலே உயிர்நீத்தார். தேவாலயத்தின் வடபுறத்தே புல்லிடையே அவர் கல்லறை உள்ளது. அதன்மீதுள்ள சிறு கல்லில் அவர் பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டும் இறந்த நாளுமே பொறிக்கப்பட்டுள்ளன.

அவர் நூலோ மறையவில்லை. இன்றளவும் பலப்பல பதிப்புக்களாக வெளிவருகின்றது. வேக்ஸ் வீடு 1955 முதல் காட்சிசாலையாக விளங்குகின்றது. ஹாங்கர் காடு நேஷனல் டிரஸ்ட் என்னும் நிறுவனத்தின் பாதுகாப்பில் உள்ளது. தேவாலய முற்றத்தில் நின்ற பழமையான யூ மரத்தின் சுற்றளவு 23 அடி என்று ஒயிட் அளந்திருந்தார். 1990-ஆம் ஆண்டு ஜனவரிப் புயலில் அது வீழ்ந்தது. ஊரார் அதனை நிமிர்த்தி மீண்டும் நட்டனர், அது பிழைக்கவில்லை. 1703-இல் ஓக் மரத்திற்கு நேர்ந்ததே யூ மரத்திற்கும் நேர்ந்தது. இரு முறையும் பட்டமரத்தை உயிர்ப்பிக்க முயன்ற ஊராரின் அன்பு ஒன்றே. அம்முதல் முயற்சியை நாம் அறிவது ஒயிட் எழுதிவைத்தமையாலன்றோ?

மாணவ நண்பர்களே! கல்வி கற்றோர் பிறந்த ஊரைவிட்டு நீங்குதல் உலகியல். அதனை யாம் குறைகூறோம். ஆயின் ஊரைவிட்டு நீங்குமுன், அதன் ஓடை எக்கடலைச் சேர்கின்றது, அதன் பழைய மரத்தின் சுற்றளவு யாது, அதன் எளியோர் எதனை உண்டு எதனை எரித்து வாழ்கின்றனர் என்பவற்றை அறிந்தோமோ என்று நம்மை நாமே வினவிக்கொள்ளுதல் நன்று. ஒயிட்டிடத்துத் தொலைநோக்காடியும் இல்லை, செல்வமிக்க ஆராய்ச்சிச்சாலையும் இல்லை. நாள்தோறும் ஒரு வரி எழுதும் பொறுமையும், கண்டதையே கண்டபடி கூறும் நேர்மையும் இருந்தன. அடுத்த விடுமுறையில் ஊர் செல்வோர் ஒரு சிறு குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்வாராயின், இதனை எழுதிய எமது உழைப்பு வீண்போகாது.